15 நிமிடப் பேச்சும் 10 மாதப் பயிற்சியும்

கோலாலம்பூரின் செந்தூலில் நாங்கள் வழக்கமாகப் போகும் மாமாக் கடையில் சனிக்கிழமை இரவு நாற்காலி கிடைப்பது கஷ்டம். இங்கிலாந்தில் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் காற்பந்து ஆட்டம் நமக்கு இரவு 10 மணிக்கு வரும், அங்கே குளிர்காலம் என்றால் 11 மணி. பெரிய திரைக்கு எதிரே இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு ஏழெட்டுப் பேர் உட்காருவோம். தே தாரிக் ஆறிப்போகும், ரொட்டி சானாய் விறைத்துப்போகும், பேச்சு மட்டும் சூடு குறையாது.

மென்செஸ்டர் யுனைடெட் 15ஆவது இடத்தில் போய் முடித்த 2024/25 பருவம் முழுக்க எங்கள் மேசையில் ஒரே வழக்குதான். ஒரு பக்கம் ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர். "இவனுங்களுக்குச் செமாங்காட் இல்லப்பா. பெர்குசன் இருந்த காலத்துல ஒரு பார்வை பார்த்தா போதும், அத்தனை பேரும் ஓடுவானுங்க." இன்னொரு பக்கம், வாரக் கடைசியில் 12 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கும் தம்பி ஒருவர். "அங்கிள், பின்னால மூணு பேர வெச்சு ஆடுறப்போ ஓரத்துல ஆடுறவன் எங்க நிக்கணும்னு அவனுக்கே தெரியல. எவ்வளவு செமாங்காட் இருந்தாலும் கோல் வாங்கத்தான் செய்யும்."

செமாங்காட் என்ற மலாய்ச் சொல் நம் பேச்சில் தமிழாகவே ஆகிவிட்டது. ஊக்கம், வேகம், மனத்திடம், விட்டுக்கொடுக்காத குணம் எல்லாம் அதற்குள் அடக்கம். தம்பியின் கட்சிக்கு வியூகம் என்று பெயர். நல்ல பயிற்றுநருக்கு எது முக்கியம், ஆட்டக்காரர்களை எழுப்பிவிடும் திறமையா, எப்படி ஆடுவது என்று வகுக்கும் அறிவா? கோலாலம்பூரில் இந்தக் கேள்வியால் நட்பு கொஞ்ச நாள் முறிந்துபோன மேசைகளும் எனக்குத் தெரியும்.

பல வருடம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இருவரும் வேறு வேறு கால அளவை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பெரியவரின் மனத்தில் இருப்பது இடைவேளையின் 15 நிமிடம். தம்பியின் மனத்தில் இருப்பது ஒரு பருவத்தின் 10 மாதம். இந்த இரண்டிலும் பயிற்றுநர் செய்யக்கூடிய வேலையே வேறு.

முதலில், நமக்கு என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். தொலைக்காட்சியில் பயிற்றுநரைக் காட்டும்போது அவர் கத்துவார், கையை வீசுவார், தண்ணீர் பாட்டிலை உதைப்பார், கோல் விழுந்தால் குதிப்பார். செவ்வாய்க்கிழமை காலையில் பயிற்சித் திடலில் நான்கு தற்காப்பு ஆட்டக்காரர்களை ஒரே வரிசையில் நிறுத்தி, "பந்து அங்கே போனால் நீ இங்கே வா" என்று நாற்பது தடவை செய்யச் சொல்வதை யாரும் ஒளிபரப்புவதில்லை. ஆட்டம் முடிந்து மைக்கை நீட்டும்போதும் வெற்றி பெற்ற பயிற்றுநர் "பையன்கள் மனத்திடத்தோடு ஆடினார்கள்" என்பார். எதிரணியின் எந்த இடைவெளியைக் குறிவைத்தோம் என்று சொல்ல மாட்டார். அடுத்த வாரமும் அதே இடைவெளி அவருக்குத் தேவைப்படும். ரசிகர் கண்ணில் ஊக்கம் பெரிதாகவும் வியூகம் சின்னதாகவும் படுவதற்கு இது ஒரு பெரிய காரணம். பெரியவரிடம் எனக்கு இதில் குறையே கிடையாது. கண்ணால் கண்டதைத்தான் அவர் பேசுகிறார்.

இரண்டு கட்சியும் தனக்கே சொந்தம் என்று இழுக்கும் ஆட்டம் ஒன்று உண்டு. 2005 மே மாதம், இஸ்தான்புல், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். நமக்கு 26ஆம் தேதி அதிகாலை 2.45 மணி. முதல் நிமிடத்திலேயே பாவ்லோ மால்டினி கோல் அடித்தார். இடைவேளைக்குள் கிரெஸ்போ இன்னும் இரண்டு. லிவர்பூல் 0, ஏசி மிலான் 3. நான் பார்த்துக்கொண்டிருந்த கடையில் பாதிப் பேர் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். இருந்தவர்கள்தான் அதைப் பார்த்தோம். 54ஆவது நிமிடம் ஜெரார்ட், 56இல் ஸ்மிட்சர், 60இல் பெனால்டியைக் கோல்காவலர் தடுத்தும் திரும்பி வந்த பந்தை அலோன்சோ உள்ளே தள்ளினார். ஆறே நிமிடத்தில் 3-3. கடைசியில் பெனால்டிகளில் லிவர்பூலுக்குக் கிண்ணம்.

பெரியவர் கட்சி சொல்வது: 0-3 என்று உள்ளே போன ஆட்டக்காரர்களின் காதில் வெளியே ரசிகர்கள் பாடிய பாட்டு விழுந்தது, அதில்தான் உயிர் வந்தது. அந்தப் பாட்டு கேட்டதாக ஆட்டக்காரர்களே பிற்பாடு சொல்லியிருக்கிறார்கள். அதில் பொய்யில்லை.

தம்பி கட்சி சொல்வது: அந்த 15 நிமிடத்தில் பயிற்றுநர் ரஃபாயேல் பெனிட்டெஸ் ஒரு குறிப்பிட்ட வேலை செய்தார். முற்பாதி முழுக்க மிலானின் ககா, நடுத்திடலுக்கும் லிவர்பூலின் தற்காப்பு வரிசைக்கும் இடையே இருந்த வெற்றிடத்தில் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த வெற்றிடத்தை அடைக்க ஆளில்லை. பெனிட்டெஸ் பின்வரிசையில் ஃபின்னனை எடுத்துவிட்டு டீட்மர் ஹமானை இறக்கினார். பின்னால் மூன்று பேர், அவர்களுக்கு முன்னால் ஹமான். ககாவின் வீட்டு வாசலில் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் காவல் இருப்பது தெரிந்ததும் ஜெரார்ட் மேலே ஏறினார், முதல் கோலைத் தலையால் அடித்தார். பிற்பாடு மிலான் செர்ஜினியோவை இறக்கி இடது ஓரத்தில் நெருக்கடி கொடுத்தபோது, அதே ஜெரார்ட்டை வலது பின் ஓரத்தில் நிறுத்தினார்கள். அணித்தலைவர், அன்றைய நாயகர், அவரே ஓரத்துக் காவல்காரராக ஓடினார்.

ஜெரார்ட் மேலே ஏறியது ஊக்கமா, வியூகமா? பாட்டைக் கேட்டு நெஞ்சு நிமிர்ந்திருக்கும், சரி. ஆனால் ஹமான் இல்லாமல் நிமிர்ந்த நெஞ்சோடு மேலே ஓடியிருந்தால் ககா நான்காவதையும் ஐந்தாவதையும் அடிக்க வழி பண்ணியிருப்பார். ஹமான் வந்தும் மனம் விட்டுப்போயிருந்தால் 0-3 என்று கௌரவமாக முடித்திருப்பார்கள். 15 நிமிடத்தில் ஒரு பயிற்றுநரால் செய்யக்கூடியது இவ்வளவுதான்: ஒரு ஆளை மாற்றலாம், இரண்டு மூன்று பேருடைய இடத்தை மாற்றலாம், நாலு வாக்கியம் சொல்லலாம். மூன்று பேரை வைத்து எப்படித் தற்காப்பது என்று அந்த அறையில் கற்றுக்கொடுக்க முடியாது. அது ஏற்கெனவே ஆட்டக்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த 15 நிமிடத்தை வாங்கித் தந்ததே அதற்கு முந்தைய 10 மாதம்தான் என்பது என் கருத்து.

ஊக்கம் அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை நாம் இன்னொரு அதிகாலையில் பார்த்தோம். 2014 ஜூலை 9, நோன்பு மாதம். சஹூருக்கு உட்கார்ந்த கூட்டமும் ஆட்டம் பார்க்க வந்த கூட்டமும் ஒரே கடையில் கலந்திருந்தன. உலகக் கிண்ண அரையிறுதி, பிரேசில் சொந்த மண்ணில் ஜெர்மனியோடு மோதியது. காயம்பட்ட நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிரேசில் ஆட்டக்காரர்கள் தேசிய கீதம் பாடினார்கள். கண்ணில் நீர் தளும்பியது. செமாங்காட் என்று பார்த்தால் அதற்கு மேல் ஒரு அணியிடம் எதிர்பார்க்க முடியாது. 23ஆவது நிமிடத்திலிருந்து 29ஆவது நிமிடத்துக்குள் ஜெர்மனி நான்கு கோல் போட்டது. இடைவேளையில் 0-5, முடிவில் 1-7. தற்காப்பைக் கட்டிக் காக்கும் தியாகோ சில்வா தடை காரணமாக ஆடவில்லை. அவர் இடத்தில் வரிசையைப் பிடித்து நிறுத்த ஆளில்லாமல், டேவிட் லூயிஸ் பந்து இருக்கும் இடத்துக்கெல்லாம் பாய்ந்து பாய்ந்து போனார். அவர் விட்டுப்போன இடத்தில் ஜெர்மானியர்கள் நின்றார்கள். ஓடியதில் குறைவில்லை, எங்கே ஓடுவது என்பதில்தான் எல்லாமே சிதைந்தது.

இதற்கு உளவியலில் பழைய விளக்கம் ஒன்று உண்டு. ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்ஸன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1908இல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பியது. தூண்டுதல் கூடக் கூடச் செயல்திறன் ஓரளவு வரை ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். வேலை எவ்வளவு நுணுக்கமானதோ அவ்வளவு சீக்கிரம் இறங்கத் தொடங்கும். கயிறு இழுக்கும் போட்டிக்கு வெறி உதவும். 30 மீட்டருக்கு அப்பால் ஓடும் சகாவின் காலுக்குப் பந்தை அளந்து கொடுப்பதற்கும், எதிராளியைத் தொடாமல் மறித்து நிற்பதற்கும் நிதானம் வேண்டும். ஆக நல்ல ஊக்குவிப்பு என்பது சில நாள் ஆட்டக்காரர்களைத் தணிக்கும் வேலையாகவும் இருக்கும். ஐந்து முறை சாம்பியன்ஸ் லீக் வென்ற கார்லோ அன்செலோட்டியைப் பாருங்கள். ஒரு புருவம் உயரும், அவ்வளவுதான்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இருபது வயதுகளில் ஞாயிற்றுக்கிழமைக் குழு ஒன்றில் நடுத்திடலில் ஆடினேன். முதல் வருடம் எங்களுக்கு இருந்தவர் நல்ல மனிதர், குரல் வளம் உள்ளவர். ஆட்டம் முழுக்க "ஓடு, ஓடு, விடாதே" என்பார். நானும் ஓடினேன். இருபதாவது நிமிடத்தில் மூச்சு முட்டும், பந்து என் பக்கம் வருகிறது என்றாலே பயம். எதைச் செய்தாலும் தப்பாகத்தான் போகும் என்று தோன்றும். மறு வருடம் வந்தவர் அதிகம் பேசாதவர். என்னைத் தனியே கூட்டிப்போய் அவர்களுடைய 10ஆம் எண் ஆட்டக்காரரைக் காட்டி, "அவனுக்கும் நம் கோலுக்கும் நடுவில் நின்றால் போதும். பந்து கிடைத்தால் இடது பக்கம் கொடுத்துவிடு. வேறு எதையும் பற்றி யோசிக்காதே" என்றார். அன்று 90 நிமிடமும் ஆடினேன். களைப்பே தெரியவில்லை. அவர் எனக்கு வியூகம் சொன்னார். என் நெஞ்சில் அது தைரியமாக மாறியது.

தம்பியும் தன் பையன்களிடம் இதைத்தான் பார்ப்பதாகச் சொல்வார். எங்கே நிற்பது என்று தெரிந்த பையன் சிரிப்பான். தெரியாதவன் பயிற்றுநரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பெரிய அளவில் இதற்கு நல்ல சாட்சி 2016இன் செல்சி. செப்டம்பர் 24ஆம் தேதி அர்செனலிடம் 0-3 என்று தோற்றார்கள். பயிற்றுநர் அந்தோனியோ கோந்தே அதன்பின் பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தும் 3-4-3 முறைக்கு மாறினார். தொடர்ச்சியாக 13 லீக் ஆட்டங்களில் வெற்றி. 38 ஆட்டங்களில் 30 வென்று சாம்பியன் ஆனார்கள். கோந்தே ஓரத்தில் நின்று துள்ளுவதைப் பார்த்தவர்கள் "அவருடைய வெறிதான் காரணம்" என்றார்கள். அர்செனலிடம் தோற்ற அன்றும் அவர் அதே வெறியோடுதான் நின்றிருந்தார். மாறியது ஆட்ட முறை. அது வெற்றி கொடுத்தது, வெற்றி நம்பிக்கை கொடுத்தது, நம்பிக்கை வந்தபின் அந்த முறையை இன்னும் துணிச்சலாக ஆடினார்கள். ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதை எந்த இடத்தில் வெட்டி, இதுவரை வியூகம், இனிமேல் ஊக்கம் என்று சொல்வது?

பெரியவரின் பெர்குசனுக்கு வருவோம். 1986 முதல் 2013 வரை யுனைடெட்டின் பயிற்றுநர், 13 பிரீமியர் லீக் பட்டங்கள். 1999இல் பார்சிலோனா நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் இடைவேளையில், தோற்றால் கிண்ணத்துக்கு ஆறடி தூரத்தில் நிற்பீர்கள், தொடக்கூட முடியாது என்ற பொருளில் அவர் பேசியதைப் பெரியவர் நேரில் கேட்டவரைப் போலச் சொல்வார். சொல்லும்போது அவர் குரலே கம்மும். அந்த ஆட்டத்தில் 90 நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நிமிடங்களில் கோல் அடித்த ஷெரிங்ஹாம், சோல்ஷேர் இருவருமே பிற்பாதியில் மாற்றாக இறங்கியவர்கள். பேச்சும் வேலை செய்தது, ஆள் மாற்றமும் வேலை செய்தது.

பெர்குசனிடம் நான் வியப்பது வேறொன்றை. அன்றாடப் பயிற்சியைத் துணைப் பயிற்றுநர்களிடம் விட்டுவிட்டு அவர் ஓரமாக நின்று கவனிப்பார். 1999இல் ஸ்டீவ் மெக்லாரன். பிறகு கார்லோஸ் கெய்ரோஸ். 2008 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் பார்சிலோனாவைச் சந்திக்கும் முன், தற்காப்பு ஆட்டக்காரர்கள் நிற்க வேண்டிய இடங்களைக் காட்டுவதற்குக் கெய்ரோஸ் பயிற்சித் திடலில் உடற்பயிற்சி விரிப்புகளைப் போட்டு வைத்தார். அங்கே 0-0, ஓல்ட் டிராஃபர்டில் ஸ்கோல்ஸ் அடித்த ஒரே கோலில் 1-0. இரண்டு ஆட்டத்திலும் மெஸ்ஸி இருந்த பார்சிலோனாவுக்கு ஒரு கோல்கூட இல்லை. பெர்குசனின் பார்வைக்கு இருந்த சக்தி பெரிதுதான். அந்தப் பார்வைக்குக் கீழே விரிப்பு போட ஒருவர் இருந்தார்.

இங்கிலாந்துப் பயிற்றுநர் பிரையன் கிளஃப் கதையும் இதே. பேச்சிலேயே ஆளை மயக்கும் மனிதர். சரியான ஆட்டக்காரரைக் கண்டுபிடிக்கும் கண் கூட்டாளி பீட்டர் டெய்லருடையது. 1974இல் டெய்லர் இல்லாமல் லீட்ஸுக்குப் போன கிளஃப் 44 நாளில் வெளியேற்றப்பட்டார். பிறகு இருவரும் சேர்ந்து நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை 1977இல் முதல் பிரிவுக்கு ஏற்றி, 1978இல் சாம்பியனாக்கி, 1979, 1980 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கிண்ணம் வாங்கித் தந்தார்கள். யூர்கன் குளோப் டோர்ட்முண்டிலும் லிவர்பூலிலும் தன் துணைவர் ஜெல்கோ புவாச்சை "மூளை" என்றே அழைத்தார். ஆக "பயிற்றுநர்" என்று நாம் ஒரு ஆளைச் சொல்லும்போது உண்மையில் ஒரு கூட்டத்தைச் சொல்கிறோம்.

குளோப் என்றதும் 2019 மே 7 நினைவுக்கு வரும். சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சிலோனாவிடம் 0-3 தோற்றுவந்த லிவர்பூல், ஆன்ஃபீல்டில் 4-0 வென்றது. ஆட்டத்துக்கு முன், இது நடக்காத காரியம், ஆனால் நீங்கள் என்பதால் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று அவர் பேசியது ஊரறிந்த கதை. நான்காவது கோலை யோசித்துப் பாருங்கள். 79ஆவது நிமிடம், மூலையுதை. பார்சிலோனா ஆட்டக்காரர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் அலெக்ஸாண்டர்-ஆர்னல்ட் சட்டென்று அடிக்க, ஒரிகி வலைக்குள் தள்ளினார். பந்து நின்ற நேரங்களில் பார்சிலோனாவின் கவனம் சிதறுவதை லிவர்பூலின் ஆய்வாளர்கள் முன்பே காணொளியில் கண்டிருந்தார்கள். திடலோரத்தில் பந்து எடுத்துப்போடும் சிறுவர்களிடம் உடனுக்குடன் பந்தைத் தரச் சொல்லி வைத்திருந்தார்கள். அன்று பந்தைத் தூக்கிப் போட்டது 14 வயதுப் பையன். நெருப்பு போல எரிந்த அந்த இரவின் அடியில் இவ்வளவு தயாரிப்பு இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். தமிழர் மேசை எதிலும் இந்த வாதம் கடைசியில் ஒரு பெயரில் வந்து நிற்கும்: கே. ராஜகோபால். சிலாங்கூருக்கு ஆடியவர். 2009இல் அவர் பயிற்சியில் லாவோஸில் நடந்த சீ (தென்கிழக்காசிய) விளையாட்டில் மலேசியா தங்கம் வாங்கியது, 1989க்குப் பிறகு முதல் தடவை. அடுத்த ஆண்டு, தென்கிழக்காசிய நாடுகள் மோதும் ஆசியான் சுசுகி கிண்ணம்.

அந்தக் கிண்ணத்தின் முதல் ஆட்டத்தை நாம் மறந்துவிட்டோம். 2010 டிசம்பர் 1, ஜாகர்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5. மறுநாள் பத்திரிகையைப் பிரிக்கவே மனமில்லை. அதே மலேசியா அதே இந்தோனேசியாவை டிசம்பர் 26இல் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வென்றது. ஸாஃபி சாலி இரண்டு, அஷாரி ஒன்று. மூன்று நாள் கழித்து ஜாகர்த்தாவில் 1-2 தோற்றும் மொத்தத்தில் 4-2, முதல் முறையாகக் கிண்ணம் நமக்கு. 31ஆம் தேதி நாட்டுக்கே பொது விடுமுறை.

25 நாளில் என்ன மாறியது? பெரியவர் சொல்வார்: "ராஜகோபால் அப்பா மாதிரி. தோத்த பிள்ளைகளத் திட்டாம தட்டிக் கொடுத்து எழுப்பினாரு." அப்படியே இருக்கட்டும். கணக்கையும் பார்ப்போம். முதல் ஆட்டத்தில் வாங்கிய கோல் 5. அடுத்த ஆறு ஆட்டங்களில், தாய்லாந்து, லாவோஸ், வியட்நாமுடன் இரண்டு, இந்தோனேசியாவுடன் இரண்டு, மொத்தமே 3. கோல் முன்னால் 21 வயது கைருல் ஃபாஹ்மி வந்து நின்றார், ஜாகர்த்தா இறுதியில் ஃபிர்மான் உத்தினாவின் பெனால்டியைப் பிடித்தார். வியட்நாமை இங்கே 2-0 வென்றுவிட்டு ஹனோயில் 0-0 என்று காத்து நின்ற ஆட்டம் ஒன்று போதும். அழுத்தம் தாங்கி வரிசை கலையாமல் 90 நிமிடம் நிற்பது வெறும் உற்சாகத்தால் வராது. அந்தப் பையன்களில் பலர் முந்தைய ஆண்டின் தங்கப் பதக்க அணியில் சேர்ந்து வளர்ந்தவர்கள். ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குத் தெரியும். 25 நாளில் ராஜகோபால் அவர்களுக்குப் புதிதாக ஆடக் கற்றுக்கொடுக்கவில்லை, அதற்கு நேரமும் கிடையாது. ஏற்கெனவே கட்டிய வீட்டின் சாய்ந்த சுவரை நிமிர்த்தினார். அதற்கு மனிதர்களைப் பிடித்து நிறுத்தும் கை வேண்டும். அந்தக் கை அவரிடம் இருந்தது. இதை எழுதும்போது இன்றும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

தேசியப் பயிற்றுநரின் வேலையே அப்படிப்பட்டது. ஆட்டக்காரர்கள் வருடத்தில் சில வாரம்தான் அவர் கையில். மற்ற நாளெல்லாம் வேறு வேறு கிளப்பில் வேறு வேறு முறையில் ஆடுகிறார்கள். அவர் சிக்கலான முறையை வகுத்தால் மண்டையில் ஏறாது. நாலைந்து எளிய விதிகள், சரியான ஆட்தேர்வு, கூடி வாழும் மனநிலை, இவைதான் அவருடைய கருவிகள். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கிண்ணத்தில் பயிற்றுநர் கிம் பான் கோனின் மலேசியா, ஜோர்டானிடம் 0-4, பஹ்ரைனிடம் 0-1 என்று தோற்று வெளியேறுவது உறுதியான பிறகும், தென்கொரியாவை நடுவர் சேர்த்த நிமிடங்களின் கடைசி மூச்சில் ரொமல் மொராலெஸ் அடித்த கோலால் 3-3 என்று நிறுத்தியது. இழக்க எதுவுமில்லாத ஒரே இரவுக்கு ஊக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அது சாட்சி.

கிளப் காற்பந்து வேறு. 2021 நவம்பர் 30, மலேசியக் கிண்ண இறுதியில் போயான் ஹோடாக்கின் கோலாலம்பூர் சிட்டி, ஜொகூரை 2-0 வென்றபோது நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். 1989க்குப் பிறகு தலைநகருக்கு வந்த முதல் மலேசியக் கிண்ணம். ஆனால் அந்த ஆண்டும் லீக் பட்டம் ஜொகூருக்குத்தான். 2014 முதல் ஒவ்வோர் ஆண்டும் அவர்களுக்குத்தான், இடையில் பயிற்றுநர்கள் பலர் வந்து போனபோதும். பணமும் ஆள்பலமும் பயிற்சி வசதியும் நீண்ட ஓட்டத்தில் பேசும். ஆட்டக்காரர் சம்பளத்துக்குச் செலவழிக்கும் தொகையும் லீக் இடமும் ஒன்றை ஒன்று நெருங்கித் தொடர்வதைப் பொருளியலாளர் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கி இங்கிலாந்துக் கணக்குகளில் காட்டியிருக்கிறார். எங்கள் மேசையில் இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்கும் பிடிக்காது.

ஊக்கக் கட்சியின் மிகப் பெரிய ஆயுதம், புதுப் பயிற்றுநர் வந்ததும் அணி எழும்புவது. 2018 டிசம்பரில் யுனைடெட்டில் மொரீன்யோ போய் சோல்ஷேர் வந்தார், முதல் எட்டு ஆட்டமும் வெற்றி. சிரித்த முகம், பழைய நாயகர். 2019 மார்ச்சில் பாரிஸில் போய் 3-1 வென்ற பின் நிரந்தரப் பதவி கொடுத்தார்கள். "பார்த்தியா, மனசுதான் எல்லாம்" என்றார் பெரியவர்.

நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் தெர் வேல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக் கணக்கை எடுத்து இதை ஆராய்ந்தார். பயிற்றுநரை நீக்கிய அணிகள் பிறகு மீண்டன, உண்மைதான். அதே மாதிரிச் சரிவில் இருந்தும் பயிற்றுநரை நீக்காத அணிகளும் ஏறக்குறைய அதே அளவு மீண்டன. காய்ச்சல் உச்சத்துக்குப் போகும்போதுதான் கிளினிக்குக் கிளம்புகிறோம். உச்சத்துக்குப் பிறகு எப்படியும் இறங்கத்தான் போகிறது, பேர் டாக்டருக்கு. அணிகளும் அப்படியே. கம்பத்தில் பட்டுப் போன பந்துகள், காயங்கள், நடுவர் தீர்ப்புகள் எல்லாம் ஒன்று சேர்ந்து கெட்ட நேரத்தில்தான் பயிற்றுநரை அனுப்புகிறார்கள். சோல்ஷேருக்கு அன்பும் மரியாதையும் கடைசி வரை இருந்தது. 2021 அக்டோபரில் லிவர்பூலிடம் சொந்தத் திடலில் 0-5, நவம்பரில் வாட்ஃபர்டிடம் 1-4, அத்தோடு முடிந்தது. அந்த லிவர்பூல் ஆட்டத்தில் யுனைடெட் ஆட்டக்காரர்கள் ஒருவர் மட்டும் பாய்ந்து போவதும், மற்றவர் பின்தங்கி நிற்பதுமாக இருந்தார்கள். நெருக்குவதா காத்திருப்பதா என்று பதினொரு பேருக்கும் ஒரே பதில் கிடையாது. அதை நேசத்தால் சரிசெய்ய முடியாது.

உசுப்பிவிடும் பேச்சுக்கு ஆயுளும் குறைவு. மொரீன்யோ 2015 மே மாதம் செல்சியை சாம்பியனாக்கினார். அதே ஆண்டு டிசம்பரில் அணி 16ஆவது இடத்தில் இருந்தபோது நீக்கப்பட்டார். உலகமே நம்மை எதிர்க்கிறது என்று சொல்லி ஒரு அணியைக் கட்டினால், முதல் வருடம் அது கோட்டை. போகப் போக அதற்குள் இருப்பவர்களுக்கே மூச்சு முட்டும். பெர்குசன் 26 ஆண்டு தாக்குப்பிடித்ததன் ரகசியம், ஆட்டக்காரர்களையும் துணைவர்களையும் அவர் மாற்றிக்கொண்டே இருந்தது. புதிய காதுகளுக்குப் பழைய பேச்சும் புதிதாகவே கேட்கும்.

கொஞ்ச நாளைக்கு முன் பெரியவரையும் தம்பியையும் செராஸ் அரங்கத்துக்கு ஒரு லீக் ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனேன். புக்கிட் ஜாலில் மாதிரி பெரிய இடமில்லை. கூட்டம் குறைவாக இருந்தால் பயிற்றுநர் கத்துவது முழுக்கக் காதில் விழும். நாங்கள் அவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் அவர் வாயிலிருந்து வந்ததெல்லாம் இடமும் தூரமும்தான். நெருங்கி நில் என்பதற்கு "ரப்பாட், ரப்பாட்", நெருக்கு என்பதற்கு "தெக்கான்", ஒரு பெயர், ஒரு கைகாட்டல், மறுபடி "ரப்பாட்". தம்பி பெரியவரைப் பார்த்துச் சிரித்தார். 80ஆவது நிமிடம் தாண்டியது, ஒரு கோல் முன்னிலை, ஆட்டக்காரர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பயிற்றுநர் இடத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். கைதட்டினார், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், மீண்டும் கைதட்டினார். பின்வரிசை யாரும் சொல்லாமலே நெருங்கி நின்றது. இந்த முறை பெரியவர் தம்பியைப் பார்த்தார். தம்பி எழுந்து நின்று தானும் கைதட்ட ஆரம்பித்தார்.